கோழியின் நாக்கு நுனியை உரிக்கலாமா?

கேள்வி: வீட்டில் ஆறு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒரு வாரமாக வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கின்றன, தீவனம் எடுக்கவில்லை. நாக்கு நுனியில் வெள்ளையாக, கெட்டியாகச் செதில் போல இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா இரண்டு கோழிகளுக்கு அதை ஊசியால் உரித்துவிட்டு, மஞ்சள் வைத்து, விளக்கெண்ணெயும் ஊற்றினார். இரண்டும் மறுநாளே இறந்துவிட்டன. மீதி நான்குக்கும் உரிக்கலாமா, வேண்டாமா?
- வாசகி, தண்டராம்பட்டு வட்டம்

பதில்: உரிக்க வேண்டாம் அம்மா. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நாள் கடந்துவிடும் என்பதால் இதைத் தபாலிலும் எழுதிவிட்டேன். நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவர் அல்ல. எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

நாக்கு நுனியில் நீங்கள் பார்த்த கெட்டிப் பகுதி நோயே அல்ல, கோழிக்குப் பிறவியிலேயே உள்ளது. நல்ல கோழி ஒன்றைப் பிடித்து அலகைத் திறந்து பாருங்கள். நாக்கு கீழ் அலகின் அச்சிலேயே வார்த்தது போல, முன்னால் கூராகவும் பின்னால் அகலமாகவும் முக்கோணமாக இருக்கும். நுனியின் அடிப்பக்கத்தில் நகம் போன்ற ஒரு தகடு தெரியும். நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள்தான். கோழிக்குப் பல் இல்லை, உதடும் இல்லை. நெல், கம்பு, கல், கரையான் என்று நாள் முழுக்கக் கொத்துவதை எல்லாம் நாக்கு நுனிதான் தாங்குகிறது. வெறும் சதையாக இருந்தால் ஒரே வாரத்தில் புண்ணாகிவிடும். அந்தத் தகட்டை உரிப்பது, விரல் நகத்தைப் பிடுங்கிவிட்டுக் களை பறிக்கச் சொல்வது போலத்தான். வலியில் கோழி தீனியைத் தொடாது.

நம் நாக்கு முழுவதும் சதை. கோழி நாக்கின் நடுவில் எலும்பு உண்டு. அதன் பின்னாலிருந்து கொம்பு போல இரண்டு மெல்லிய எலும்புகள் தாடையின் இருபுறமும் பின்னோக்கிப் போகின்றன. தசைகள் இந்த எலும்புகளை இழுத்துத்தான் நாக்கை முன்னும் பின்னும் ஓட்டுகின்றன. நாக்கின் பின்பகுதியில் குறுக்காக ஒரு வரிசை முட்கள் இருக்கும், எல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை. அலகு எடுத்த தானியத்தை நாக்கு பின்னால் தள்ளும், இந்த முட்கள் அதைத் திரும்ப விடாது. ஆகக் கோழிக்கு நாக்கு என்பது முதலில் ஒரு தள்ளுகோல். சுவையெல்லாம் அப்புறம்தான்.

சரி, அந்தத் தகடு இப்போது மட்டும் ஏன் கண்ணில் பட்டது? உங்கள் கோழிகள் வாயால் மூச்சு விடுகின்றன. சளியால் மூக்கு அடைத்தாலும், வெயிலில் இளைத்தாலும் காற்று நாக்கின் மேலேயே போய்வரும். நாக்கு காய்ந்து, தகடு வெளுத்து, தூக்கலாகத் தெரியும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நம் ஊர் மே மாத வெயிலில் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடல் சூட்டை வெளியேற்றுகிறது. ஆனால் உங்களுடையது வெயில் இளைப்பு மாதிரித் தெரியவில்லை. நிழலில் உட்கார்ந்தும், காலையிலும் வாயைத் திறந்திருந்தால் அது நோய்தான். மூக்கில் சளி, முகத்தில் வீக்கம், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிச்சல், கழுத்துத் திருகல் இருக்கிறதா என்று பாருங்கள். கழிச்சலும் கழுத்துத் திருகலும் இருந்தால் ராணிகெட் என்கிற வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு, வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது. நான்கையும் உடனே தனியாக அடைத்து, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இறந்தவற்றை ஏரியிலோ குப்பையிலோ போட்டிருந்தால், எடுத்துச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

வாய்க்குள் வேறு என்ன தெரிந்தால் கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நிறப் படலம் ஒட்டிக்கொண்டு, எடுத்தால் ரத்தம் வருகிறதென்றால் அது வாய்க்குள் வந்த அம்மையாக இருக்கலாம். அதையும் சுரண்டக் கூடாது. தொண்டை வரை வெள்ளையாகச் சிறு கொப்புளங்கள் இருந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். வெறும் குருணையும் தவிடும் தின்று அடைபட்டுக் கிடக்கும் கோழிகளுக்கு இது வரும். முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, மஞ்சள் மக்காச்சோளம் கொடுத்து வந்தால் வராது. மாவு போல நைசாக அரைத்த தீவனம் நாக்கின் அடியில் அப்பிக் காய்ந்தும் புண்ணாகும், கொஞ்சம் கரகரப்பாக அரைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. திருவண்ணாமலையைச் சுற்றிப் பூ கட்டாத தெரு குறைவு. வெட்டிப் போட்ட நூலைப் புழு என்று கோழி கொத்திவிடும். நூலின் ஒரு முனை இரைப்பைக்குள் போய்விடும், நடுப்பகுதி நாக்கின் அடியைச் சுற்றி இறுகிக்கொள்ளும். முட்கள் பின்னோக்கி இருப்பதால் துப்பவும் முடியாது. தீனி எடுக்காத கோழிக்கு நாக்கைத் தூக்கி அடியில் ஒருமுறை பாருங்கள். நூல் தெரிந்தால் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே அறுத்துவிடும். சுற்றியிருக்கும் இடத்தில் சிறு கத்தரியால் வெட்டிவிட்டு, மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

இப்போது விளக்கெண்ணெய். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். உரித்ததைவிட ஊற்றியதே அந்த இரண்டு கோழிகளையும் கொன்றிருக்கலாம் என்பது மருத்துவரின் ஊகம். கோழி நாக்கைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பார்த்தால், நாக்கு முடிகிற இடத்திலேயே ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடிக்கொள்ள ஒரு மூடி இருக்கிறது, கோழிக்கு அந்த மூடி கிடையாது. வாயைப் பிளந்து நடுவில் ஊற்றினால், ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போக வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே இளைக்கிற கோழி என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் எந்த மருந்தானாலும் உருண்டையாகக் கொடுப்பது நல்லது. மூலிகை அரைத்தால் கடலையளவு உருட்டி, நாக்கின் பின்புறம் வைத்து அலகை மூடிவிடுங்கள், முட்கள் உள்ளே தள்ளிவிடும். திரவமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் கோழி தானாக விழுங்கும் வரை காத்திருங்கள். தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு ஊற்றாதீர்கள்.

கோழி தண்ணீர் குடிக்கும்போது அதுவே அண்ணாந்து குடிக்கிறதே என்று கேட்பீர்கள். கோழியால் உறிஞ்ச முடியாது. கீழ் அலகில் கொஞ்சம் மொண்டு, தலையைத் தூக்கி வழியவிடுகிறது. அளவு அதன் கையில், மன்னிக்கவும், அதன் அலகில் இருக்கிறது. புறா அப்படி அல்ல, அலகை அமிழ்த்தி உறிஞ்சியே குடிக்கும். இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்கள் புறாவுக்குச் சற்று ஆழமான பாத்திரம் வையுங்கள். மொட்டை மாடியில் உள்ள கறுப்புத் தொட்டித் தண்ணீரை நண்பகலில் அப்படியே ஊற்றாதீர்கள். சூடான தண்ணீரைக் கோழி குடிக்காமல் ஒதுங்கும். மண்சட்டியில் ஊற்றி நிழலில் வைத்தால் போதும்.

கேள்வி: நிலக்கடலை விதைத்ததும் மயில் தோண்டித் தின்கிறது. மிளகாய்த்தூள் கரைசலில் விதையைப் புரட்டி விதைத்தேன். பலன் இல்லை. அளவு குறைவா?
- வாசகர், கலசபாக்கம்

பதில்: அளவைக் கூட்டினாலும் மயிலுக்கு உறைக்காது. கோழிக்குச் சுவை மொட்டுகள் சில நூறுதான், நமக்கு ஆயிரக்கணக்கில். கோழியின் மொட்டுகளிலும் பெரும்பாலானவை நாக்கில் இல்லை, அண்ணத்திலும் வாயின் தரையிலும் இருக்கின்றன. இனிப்பை அறியும் மரபணு ஒன்றும் கோழிக்கு இல்லை. ஆனால் உறைப்பு என்பது சுவையே அல்ல, அது எரிச்சல். அந்த எரிச்சலை உணரும் உணரியைக் கண்டுபிடித்ததற்காக 2021-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம், கோழியின் அதே உணரியை மிளகாய்ச் சத்து தூண்டுவதில்லை என்று 2002-லேயே காட்டிவிட்டது. வேலியோர மரத்தடியில் யாரும் நடாமல் ஊசிமிளகாய்ச் செடி முளைப்பது இதனால்தான். பறவை பழத்தைத் தின்று விதையை எச்சத்தோடு போட்டுவிடுகிறது.

அணில், எலிக்கு மிளகாய் உறைக்கும், அவற்றுக்காக வேண்டுமானால் பயன்படுத்துங்கள். மயிலுக்கு, விதைத்தது முதல் முளை வந்து இலை விரியும் வரை காலையும் மாலையும் ஆள் காவல்தான் நம்பகமானது. பளபளக்கும் நாடா கட்டினால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் பழகிவிடும். விஷம் வைக்க நினைக்காதீர்கள். தேசியப் பறவை, சட்டப்படி சிறைத்தண்டனை உண்டு. அந்த விதையைத் தின்று உங்கள் கோழியும் சாகும்.

கேள்வி: கிளியின் நாக்கைச் சுரண்டிவிட்டால் பேசும் என்கிறார்களே?
- மாணவர், திருவண்ணாமலை

பதில்: அருணகிரிநாதர் கிளியுருவில் வந்து அமர்ந்ததாகச் சொல்லும் கிளி கோபுரம் இருக்கிற ஊரில் இப்படிக் கேட்கலாமா தம்பி? பறவையின் குரல் நாக்கில் பிறப்பதில்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகும் அந்தக் கவையில்தான் குரல் உறுப்பு இருக்கிறது. கிளியின் நாக்கு தடித்த சதை, அதை முன்பின் நகர்த்தித் தன் குரலின் ஒலியை மாற்றுகிறது. சுரண்டினால் அந்த வசதி போகும், கொட்டையை உருட்டித் தின்னவும் முடியாது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யார் வீட்டிலாவது இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.