ஜம்பைக் கல்வெட்டை ஜம்பைப் பிள்ளைகள் எப்போது படிப்பார்கள்?

மதிப்பிற்குரிய கல்வித்துறை உயர் அலுவலர் அவர்களுக்கு,

மணலூர்பேட்டை வட்டாரப் பள்ளிகளில் உள்ளூர் வரலாறு கற்பிக்கக் கோரி நாங்கள் கொடுத்த மனுக்கள் ஒப்புகைச் சீட்டோடு நின்றுவிட்டன. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். விதிகளும் அரசாணைகளும் தங்களுக்குத் தெரியும், அவற்றை அடுக்கப் போவதில்லை. எங்களுக்கு அருகிலுள்ள ஜம்பை என்ற ஓர் ஊரை மட்டும் தங்கள் முன் வைக்கிறேன்.

1981இல் அவ்வூர்க் குன்றின் குகையில், தமிழி எழுத்தில் ஒற்றை வரிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. துறவியர் தங்குவதற்கு அதியமான் நெடுமான் அஞ்சி அந்தக் குகையைக் கொடுத்தான் என்பது செய்தி. சோழர், பாண்டியர், சேரரோடு அசோகரின் கல்வெட்டு குறிப்பிடும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுவந்தார்கள். அந்தப் பட்டத்தை அதியமான் பெயருக்கு முன்னால் பொறித்திருந்த இந்த ஒரு வரிதான் அதற்கு விடை தந்தது. இந்திய வரலாற்றின் ஒரு சிக்கலை அவிழ்த்த கல் அது. அதன் நிழலில் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படவில்லை.

அதைவிட நான் பெரிதாக மதிப்பது, அதே ஊரின் 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலக் கல்வெட்டை. ஊர் அலுவலர் ஒருவர் ஒரு பெண்ணிடம் வரி கேட்கிறார். தான் கட்ட வேண்டியதில்லை என்கிறாள் அவள். அவர் விடாமல் அவளைச் சோதனைக்கு உட்படுத்துகிறார். அவள் நஞ்சுண்டு இறக்கிறாள். பல நாட்டவரும் கூடி, குற்றம் அந்த அலுவலர்மேல்தான் என்று தீர்த்தார்கள். அவர் 32 காசு கொடுத்துக் கோயிலில் விளக்கெரிக்க வேண்டியதாயிற்று. ஓர் உயிருக்கு 32 காசு நீதியாகுமா, அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேச முடிந்ததா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும், அந்தக் கேள்விகள்தான் பாடம். அதிகாரத்தில் இருப்பவரை ஊர் கூடிப் பதில் சொல்ல வைக்கலாம் என்பதைத் தன் ஊர்க் கல்லிலேயே படித்த பிள்ளை, நாளை கிராமசபையில் எழுந்து கணக்குக் கேட்கும். எங்கள் மக்கள் ஒன்றுதிரளத் தெரியாதவர்கள் அல்லர். தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை ஆற்றங்கரையில் திரளும் கூட்டத்தைப் பாருங்கள். அதே மக்கள் கிராமசபைக்கு வரவில்லை, அக்கறையில்லை என்று அவர்களையே குறை சொல்வது என்ன நியாயம்?

பாடச்சுமை கூடும் என்பார்கள். புதிய புத்தகம் எதுவும் வேண்டாம். சோழர் ஊராட்சியைச் சொல்லும்போது உத்திரமேரூரோடு ஜம்பையையும் சேர்த்துச் சொன்னால் போதும். ஆசிரியர்களுக்குக் கல்வெட்டு தெரியாது என்பது பொருந்தாத சாக்கு. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் ஓர் அரசுப் பள்ளி, தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து மாணவர்களுக்கே கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உள்ளூர் வரலாறு சாதிப் பெருமையில் போய் முடியும் என்ற மறுப்பு ஒன்றுதான் கனமானது. அந்த அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் பள்ளி சொல்லாமல் விட்ட வரலாற்றைச் சாதிச் சங்கப் பதாகைகள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கல்லில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை அந்தப் பதாகைகள் ஏமாற்ற முடியாது. கல்வராயன் மலையில் 1970கள் வரை நீடித்த ஜாகீர் ஆட்சியும், அதன்கீழ் பழங்குடி மக்கள் கூலியின்றி உழைத்ததும்கூட எங்கள் மாவட்டத்தின் வரலாறுதான். அது யாருக்கும் பெருமை தராது. அதையும் படிக்க வேண்டும்.

ஐயா, இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, குழுவும் தேவையில்லை. மனம்தான் வேண்டும், அது இல்லாததால்தான் எங்கள் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே அயலாராக வளர்கிறார்கள். வரும் குடியரசு நாள் கிராமசபைக்குள் ஒரு வகுப்பையாவது ஜம்பைக் குகைக்கு அழைத்துச் செல்ல உத்தரவிடுங்கள். முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அதை அந்தக் கிராமசபையில் பிள்ளைகள் முன்னால் படிக்கிறோம்.

இப்படிக்கு,
மணலூர்பேட்டைவாசி ஒருவர்