ஒரே மடையை நம்பிய தேயிலை

கொல்கத்தாவில் தேயிலை ஏலம் முதன்முதலாக 1861 டிசம்பரில் நடந்தது. அன்று தொட்டு இந்நகரின் தரகு நிறுவனங்கள் தேயிலையைச் சுவைத்துத் தரம் கண்டும், விலை மதிப்பிட்டும், ஏலம் கூறியும் வாணிகத்துக்குத் துணை நின்று வருகின்றன. ஆர்.என். முகர்ஜி சாலையிலுள்ள நீல்ஹாட் மாளிகையின் ஜே. தாமஸ் நிறுவனம் அவற்றுள் மூத்தது. இத்தனை தேர்ச்சி இருந்தும், சோவியத் யூனியன் உடைந்தபோது இந்த வாணிகம் தடுமாறியது ஏன்?

1980களின் பிற்பகுதியில் இந்தியா ஏற்றுமதி செய்த தேயிலையில் ஏறக்குறையப் பாதி சோவியத் நாட்டுக்கே சென்றது. வாங்கியது அந்நாட்டு அரசு. பணம் ரூபாய்க் கணக்கில் வரவாயிற்று. விற்பவருக்கு விளம்பரச் செலவில்லை. பணம் வருமோ வராதோ என்ற கவலையுமில்லை. ஒரே மடையை நம்பி வயலெல்லாம் பயிரிட்ட கதைதான்.

1991 டிசம்பரில் அந்த மடை அடைபட்டது. ஒரு நாடு இருந்த இடத்தில் பதினைந்து நாடுகள் நின்றன. அரசு அதிகாரிக்குப் பதில் தனி வணிகர்கள் வந்தனர். கசாக்ஸ்தானியர் விரும்புவது பால் கலந்த கறுப்புத் தேநீர். உஸ்பெகிஸ்தானியர் நாடுவது பச்சைத் தேநீர். மக்கள் தேநீர் குடிப்பதை நிறுத்திவிடவில்லை. ஆனால் தாஷ்கண்டுக் கடைக்காரரை அறிந்துகொள்ளும் தேவையே அதுவரை இங்கு யாருக்கும் இருந்ததில்லை.

1993 ஜனவரியில் எல்ட்சின் டில்லி வந்தபோது பழைய கடனைத் தீர்க்க உடன்பாடு ஏற்பட்டது. அக்கடனுக்காக இந்தியா செலுத்திய ரூபாயைக் கொண்டே ரஷ்யா தேயிலை வாங்கியதால், பழைய பழக்கத்தின் ஆயுள் நீண்டது. இதற்கிடையில் இலங்கை, சிங்க முத்திரை பொறித்த பாக்கெட்டுகளுடன் ரஷ்யக் கடைகளில் இடம்பிடித்துவிட்டது. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பச்சை இலைக்கு விலையின்றி நீலகிரிச் சிறு விவசாயிகள் வீதிக்கு வந்து போராடினர். ரஷ்யக் கொள்முதல் குறைந்தது அதற்கு ஒரே காரணமன்று. ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று.

வெளிநாட்டில் வாடிக்கையாளரைத் தேடுவது ஏற்றுமதியாளர் பாடு, தரகருக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சரக்கு போகும் இடத்துக்குச் சேவையும் போனால்தான் வாணிகம் நிலைக்கும். அல்மாட்டியிலும் தாஷ்கண்டிலும் பாகுவிலும் மாதிரி காட்டவும், கலவைக்கு யோசனை கூறவும், வாங்குபவரின் நாணயத்தை விசாரிக்கவும், ரஷ்ய மொழியில் பத்திரங்களைத் தயாரிக்கவும் ஆள் வேண்டும். சுவைக்கும் நாக்கும் கணக்கெழுதும் கையும் கொல்கத்தாவில் உண்டு. தேயிலை வாரியத்தின் தலைமையகமும் இங்கேயே இருக்கிறது.

2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வாணிகத்தை ரூபாயிலேயே முடித்துக்கொள்ள வழி திறந்தது. குவிந்த ரூபாயைச் செலவிட முடியவில்லை என்று 2023இல் ரஷ்யத் தரப்பே குறைப்பட்டுக்கொண்டது. தேயிலைக்கு இது நல்ல வாய்ப்பு. ஆயினும் மறுபடியும் ஒரே மடையை நம்பினால், முன்பு பட்ட பாடு வீணாகும். கொல்கத்தாவில் கணக்கெழுதும் தமிழரின் பிழைப்பும், நீலகிரியில் கொழுந்து பறிக்கும் தமிழரின் பிழைப்பும் இதில் ஒன்றாகவே பிணைந்திருக்கின்றன.