குள்ளன் கதையில் பாதாளத்துக்குப் போனவன் யார்?

தலித்துகளுக்கு அனுபவம் உண்டு, கற்பனை வராது என்று கூட்டங்களில் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷ்காரன் குள்ளர்களையும் குகைகளையும் வைத்தே எவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டிவிட்டான் பார் என்று உதாரணம் வேறு. சரி, அந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

டோல்கீன் 1937இல் வெளியிட்ட 'ஹாபிட்' நாவலில் 13 குள்ளர்கள் வருகிறார்கள். முன்னோர் ஆண்ட மலையை டிராகன் ஒன்று பிடுங்கிக்கொண்டு தங்கத்தின் மேல் படுத்துக்கிடக்கிறது. அதை மீட்கக் கிளம்புகிறவர்கள் வழியில் சுரங்க இருட்டில் பூதக்கூட்டத்திடம் சிக்கிச் சீரழிகிறார்கள். சாகசம் என்று சொல்லிக்கொண்டாலும் நடப்பது நிலத்தகராறுதானே! பறிகொடுத்தவன் பக்கம் நின்று எழுதிய நிலத்தகராறு.

நம்மூர்க் குள்ளன் கதை அப்படியே தலைகீழ். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில் தூக்கிய காலோடு உலகளந்த பெருமாள் நிற்கிறார். குள்ளப் பார்ப்பனனாக வந்து மூன்றடி மண் கேட்டவர், கிடைத்ததும் வளர்ந்தார். கொடுத்த மாபலி பாதாளத்துக்குப் போனான். இங்கே குள்ளன்தான் பிடுங்குகிறவன். பாதாளம் கொடுத்தவனுக்குத் தண்டனை. கேரளத்தில் மட்டும் வருசத்துக்கு ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக அவனுக்கு அனுமதி. இந்தப் புராணத்துக்குள் இருக்கும் களவை ஜோதிராவ் புலே 1873இலேயே 'குலாம்கிரி'யில் பிரித்துப்போட்டு விட்டார். நம்ம பேராசிரியர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

அந்தக் கோயிலுக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் மலையிலேயே ஜாகிர்தார்களின் கீழ் கிடந்தார்கள். நாடு விடுதலையாகி 29 வருசம் கழித்து, 1976இல்தான் ஜாகிர் போய் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. உழுத மண்ணுக்கு உரிமை என்று எழுதிய வன உரிமைச் சட்டம் வர 2006 ஆகிவிட்டது. டிராகன் கதை கேட்பவர்களே, இது போதாதா?

பாதாளம் என்ற சொல்லை நம்ம சனம் புராணத்தில் கேட்டதைவிட முனிசிபாலிட்டியில் கேட்டதுதான் அதிகம். பாதாளச் சாக்கடை. எவ்வளவு பொருத்தமாகப் பேர் வைத்திருக்கிறான் பாருங்கள்! கதாநாயகன் குகைக்குள் இறங்கினால் மாய வாள், மந்திர மோதிரம். இங்கே இறங்குகிறவனுக்கு இடுப்பில் ஒரு கயிறு, அதுவும் சில நேரம்தான். விஷவாயு வந்து சாய்த்தால் தூக்கப் போனவனும் சேர்ந்து சாகிறான். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம் என்று 2013இலேயே சட்டம் போட்டாயிற்று. சாவு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

ஆகவே பூமிக்கடியில் என்ன இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மாபலி வாயால் குள்ளன் கதையை நாங்கள் எழுதுவோம். டிராகனும் வரும், மலையும் திரும்பக் கிடைக்கும். அதைக் கற்பனை என்று ஒத்துக்கொண்டு அச்சுப்போடுவீர்களா, இல்லை அதையும் புலம்பல் கணக்கிலேயே எழுதுவீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.