ஓடினால்தான் லாபம்

எட்டு லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு சின்ன மின்கார் வாங்கினால் போட்ட பணம் தேறுமா? தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்திலிருந்து நாள்தோறும் போடிக்கும் தேனிக்கும் போய்வருகிறவர்களும், ஏலத் தோட்டத்துக்காக மலை ஏறுகிறவர்களும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. வண்டிக்குப் போதிய ஓட்டம் இருந்தால் கட்டாயம் தேறும் என்பதே நம் பதில். அந்த ஓட்டமும், சார்ஜ் போட இடமும் ஒருசேர அமைந்திருப்பது கிராமத்தில்தான். அரசின் மின்வாகனக் கொள்கை இனி கிராமத்தை மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டும்.

2001-இல் பெங்களூரின் ரேவா வந்தபோது மின்கார் ஒரு வேடிக்கைப் பொருள். 2022 செப்டம்பரில் டாடா டியாகோவின் மின் வடிவமும், 2023 ஏப்ரலில் எம்.ஜி. காமெட்டும் வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு அது எட்டியது. டியாகோ ஒரு சார்ஜில் 250, பெரிய பேட்டரி என்றால் 315 கிலோமீட்டர் போகும் என்று அறிமுகத்தின்போது சொல்லப்பட்டது. நம் சாலையில், நம் வெயிலில், ஏ.சி. போட்டுக்கொண்டு 150 முதல் 200 வரை எதிர்பார்ப்பதே நியாயம். அதுவே இங்கே தாராளம். ராசிங்காபுரத்திலிருந்து தேனிக்குப் போய்வந்தால் சுமார் 50 கிலோமீட்டர். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைவரை போனாலும் நூறுக்குள் திரும்பிவிடலாம். இரவில் 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட்டால் விடிவதற்குள் நிறைந்துவிடும்; எர்த் மட்டும் சரியாக இருக்க வேண்டும். சென்னையில் அடுக்குமாடியில் குடியிருப்பவர் ஒரு பிளக் வைக்கச் சங்கத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கிறார். இங்கே வாசலும் நம்முடையது, சுவரும் நம்முடையது.

மலை ஏறுமா என்ற பயம் பலருக்கு உண்டு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 26 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். சமதளத்தில் இந்தத் தூரத்துக்கு மூன்று யூனிட் போதும். ஏற்றத்தில் ஏழு, எட்டு யூனிட் ஆகும். டியாகோவின் 19.2 யூனிட் சின்னப் பேட்டரியில் அது பாதிக்கும் கீழே. இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த விசையை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இறங்கி முடித்த பிறகும் முள் ஏறக்குறைய மலை உச்சியில் காட்டிய அளவிலேயே நிற்கும். பிரேக்கும் அதிகம் சூடேறுவதில்லை. மேலே முழுக்கச் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்; நிறைந்த பேட்டரியில் திரும்பிவரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது.

இனி பணக் கணக்கு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே ஆறாயிரம் ரூபாய் போகும். மின்காருக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 140 யூனிட் ஆகும். ஆயிரத்து இருநூறு ரூபாயைத் தாண்டாது. ஆண்டுக்கு ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் மிச்சம். பெட்ரோல் காரைவிடக் கூடுதலாகக் கொடுத்த மூன்று லட்சம், கடன் வட்டியையும் கூட்டினால் ஆறேழு ஆண்டில் திரும்பிவிடும். டியாகோவின் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருப்பதால் அந்தக் காலக்கெடுவுக்குள்ளேயே முதல் கைக்கு வந்துவிடுகிறது. மாதம் முந்நூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு முதல் திரும்பப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகும். அவர் வாங்க வேண்டாம். அடிக்கடி மதுரைக்கு ஒரே மூச்சில் போய்த் திரும்புகிறவருக்குச் சின்னப் பேட்டரி பத்தாது. தோட்டத்துக்குள் கல்லும் சேறுமாகக் கிடக்கும் பாதைக்கு இன்றும் ஜீப்தான்.

லாபம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அரசு அதன் குறுக்கே நிற்பது எதற்கு? வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணம் எகிறுகிறது. 2024 ஜூலை உயர்வுக்குப் பின் 501-இலிருந்து 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 800 வரை 9.65 ரூபாய். 350 யூனிட் எரிக்கும் வீட்டில் கார் வந்ததும் 630 ஆகிறது. அதுவரை கிடைத்துவந்த மானியத்திலும் ஒரு பகுதி போய்விடுகிறது. பெட்ரோலைக் குறைத்தவருக்கு இது தண்டனை. டில்லியில் மின்வாகனத்துக்கென்று வீட்டிலேயே தனி இணைப்பும் தனிக் கட்டணமும் வாங்கலாம். ஆடிக்காற்றில் காற்றாலைகள் இரவெல்லாம் சுழலும் தேனி மாவட்டத்தில், இரவு நேரச் சலுகைக் கட்டணத்துடன் தனி மீட்டர் கொடுப்பதில் மின்வாரியத்துக்கு என்ன தடை?

மத்திய அரசின் கணக்கும் கிராமத்துக்கு எட்டவில்லை. 10,900 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் தனியார் காருக்கு மானியம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் காரின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. மின்காருக்கு 5 சதவீதம் அப்படியே இருக்கிறது. விலை வித்தியாசம் கூடியதுதான் மிச்சம். எல்லாக் காருக்கும் மானியம் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பத்து லட்சத்துக்குக் கீழுள்ள மின்காருக்கு மாநில அரசு தரும் சாலை வரி விலக்கை நிரந்தரமாக்குங்கள். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கென்று ஒதுக்கிய 2,000 கோடியில் தேனி, போடி, முந்தல், போடிமெட்டு தடத்துக்கும் ஒரு பங்கு வரட்டும். நிறுவும் சார்ஜர் பழுதின்றி ஓடுவதற்கும் யாராவது பொறுப்பேற்கட்டும். பழைய மின்காரை விற்கும்போது பேட்டரியின் நிலையைச் சொல்லும் சான்றிதழைக் கட்டாயமாக்குங்கள். அது இருந்தால் பாதி விலைக்கு வாங்குகிறவரும் துணிந்து வாங்குவார்.

2025 ஆகஸ்ட் 4-இல் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. மின்வாகன உற்பத்தியில் முன்னணி மாநிலம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. அந்தப் பெருமை ஆலை வாசலோடு நின்றுவிடக் கூடாது. ராசிங்காபுரத்து வீட்டுச் சுவரில் இரண்டாவது மீட்டர் ஒன்று ஏறட்டும். மிச்சக் கணக்கை எங்கள் ஊர்க்காரர்களே போட்டுக்கொள்வார்கள்.