இப்ப என்ன செய்யப் போறீங்க, தாத்தா?

ஆகஸ்டு முடிந்துவிட்டது. பேரனைச் சென்னையில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று இரவு, மொட்டைமாடியில் கிடந்த பாயைச் சுருட்டினேன். அதிலிருந்து நீல நிறத்தில் ஒரு சின்ன உருண்டை உருண்டு வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் பகடை. நம் தாயக்கட்டை மாதிரி நாலு பக்கம் இல்லை, 20 பக்கம். மறந்து விட்டுப் போனானா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனானா, தெரியவில்லை. இப்போது என் மேசை மேல், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிரான்சில் பள்ளிக்கூடங்களுக்கு ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதமும் கோடை விடுமுறை. செப்டம்பர் பிறந்தால் 'ரான்த்ரே', அதாவது பள்ளி திறப்பு. என் மகன் குடும்பம் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேரனுக்கு 15 வயது. தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. "பசிக்குது", "வேணாம்", "வெயில்" என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு போன முறை ஒரு மாதத்தை ஓட்டினான். மற்ற நேரமெல்லாம் கைப்பேசிதான். என் மனைவிக்கு பிரெஞ்சில் 'போன்ழூர்', 'மெர்சி' தவிர எதுவும் தெரியாது. பாட்டியும் பேரனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அது எனக்கு மனசுக்குள் உறுத்தலாகவே இருந்தது.

எனக்கென்ன, நான் கல்வே காலேஜில் பிரெஞ்சுப் பிரிவில் 'ப்ரெவே' வரை படித்தவன். இன்றைக்கும் மனக்கணக்கு பிரெஞ்சில்தான் ஓடும். ஆனால் அந்த பிரெஞ்சு, ஆபீஸில் பழைய பத்திரங்களையும் பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் படித்துச் சொல்லப் பயன்பட்ட பிரெஞ்சு. ஓய்வுக்குப் பிறகு அதற்கு ஒரே வேலை, தெருவில் இருக்கும் சொல்தாக்களுக்குப் பென்ஷனுக்காக வருஷா வருஷம் 'செர்த்திஃபிகா த வீ' பாரம் நிரப்பிக் கொடுப்பது. உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்கும் பாரம் அது. அந்த மொழியில் ஒரு பையனிடம் சிரித்துப் பேச எனக்கும் வரவில்லை.

இந்த வருஷம் அவன் பெட்டியில் துணிக்கு மேலே ஒரு தடிப் புத்தகமும் ஒரு பை நிறையப் பகடைகளும் இருந்தன. "தாத்தா, நாலு பேர் வேணும்" என்றான். 'ழ்யு த ரோல்' ஆடவேண்டுமாம்.

இந்த ஆட்டம் என்னவென்று அன்பர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது. தமிழில் பாத்திர ஆட்டம் என்று சொல்லிக்கொள்வோம். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் ஆட்டத் தலைவர். பிரெஞ்சில் 'மேத்ர து ழ்யு'. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். தலைவர் நிலைமையைச் சொல்வார்: "காட்டுக்கு நடுவில் பாழடைந்த சத்திரம். உள்ளே விளக்கு எரிகிறது. என்ன செய்வீர்கள்?" கதவைத் தட்டுவதா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதா, திரும்பிப் போய்விடுவதா என்பதை நாம் சொல்ல வேண்டும். சுலபமான காரியம் என்றால் நடந்துவிடும். கஷ்டமான காரியம் என்றால் பகடை தீர்மானிக்கும். இதில் ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. கதை எல்லோருக்கும் பொது.

கேட்டதும் எனக்குக் கூத்து நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் வில்லியனூர் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்திருக்கிறேன். திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வருவார். கட்டியங்காரன் அவரை நிறுத்தி, நீர் யார், எங்கே போகிறீர் என்று கேட்டுக் கதையை நகர்த்துவான். ஆட்டத் தலைவர் ஏறக்குறைய அந்தக் கட்டியங்காரன்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே ராஜாவுக்கும் பதில் என்னவென்று முன்கூட்டித் தெரியாது.

இதன் பிறப்பும் சுவாரசியமானது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மூன்று சின்னப் புத்தகம், ஒரு பெட்டி. முதலில் அச்சிட்டது 1,000 பிரதிதான். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை இழந்து, செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர். அதற்கும் முன்னால் பார்த்தால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் வரைபடத்தின் மேல் ஆடிய போர் விளையாட்டு வரை இதன் வேர் போகிறது. பிரான்சுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. 1980-இல் 'காஸுஸ் பெல்லி' என்ற பத்திரிகையும் தொடங்கினார்கள். 20 முகப் பகடையோ இன்னும் பழசு. எகிப்தில் பழங்காலத்தில் செய்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். நாலு பேர் சேர்ந்தோம். நான், என் மனைவி, எதிர்வீட்டு சொல்தா, அடுத்த வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண். சனிக்கிழமை தோறும் இரவு ஏழு மணிக்கு மொட்டைமாடியில் ஆட்டம். ஏழு சனிக்கிழமை ஆடினோம். வீராம்பட்டினம் தேரன்றைக்குக்கூடத் தேர் பார்த்துவிட்டு வந்து, பேசிக்கொண்டே அடுத்த நாள் ஆட்டத்துக்குத் திட்டம் போட்டோம்.

நான் எடுத்த பாத்திரம் ஊர் ஊராகப் போகும் ஒரு எழுத்தன். வேறென்ன எடுப்பேன்? விளக்கெண்ணெய் எவ்வளவு, கயிறு எத்தனை முழம், வழியில் யாரிடம் என்ன வாங்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பேரன் சிரித்தான். மூன்றாவது வாரம் குகைக்குள் வழி தவறியபோது, அந்த நோட்டுதான் எங்களை வெளியே கொண்டுவந்தது. என் மனைவி எடுத்த பாத்திரம் திருடி! கல்யாணமாகி 48 வருஷத்தில் காய்கறிக்காரரிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவள், கோட்டைக் காவலனிடம் கண் இமைக்காமல் பொய் சொன்னாள். "நான் ராஜாவோட சமையக்காரி, தாமதமானா உன் தலைதான் போகும்" என்றாள். பேரனுக்கு அது புரிந்துவிட்டது. மொழிபெயர்க்கச் சொல்லி என் பக்கம் திரும்பவே இல்லை.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பாட்டி தமிழில் சொல்ல, பேரன் பிரெஞ்சில் பதில் சொல்ல, நடுவில் நான் துபாஷி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரத்தில் அந்த வேலை பாதியாகக் குறைந்தது. திருடிக்கு அவசரம், துபாஷிக்காகக் காத்திருக்க முடியாது. பையன் "பாட்டி, கதவு பூட்டு. சாவி இல்ல. என்ன செய்வீங்க?" என்று கேட்க ஆரம்பித்தான். இலக்கணம் தப்புத்தான். யார் பார்த்தார்கள்?

கடைசி சனிக்கிழமை. ஆற்றின் மேல் கயிற்றுப் பாலம், பின்னால் துரத்தி வரும் எதிரிகள். ஒருவர் நின்று தடுத்தால்தான் மற்றவர்கள் கடக்க முடியும். எழுத்தன் நிற்பான் என்று சொல்லிவிட்டேன். பையன் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். "நிச்சயமா, தாத்தா?" என்று தமிழில் கேட்டான். நிச்சயம் என்றேன். 15-க்கு மேல் விழவேண்டும். விழுந்தது 4.

அவன் நினைத்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தாத்தாவாயிற்றே என்று விட்டிருக்கலாம். விடவில்லை. கொஞ்ச நேரம் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "பாலம் அறுந்துடுச்சு. நீங்க ஆத்துல. தண்ணி ரொம்பக் குளிர். இப்ப என்ன செய்யப் போறீங்க, தாத்தா?" என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான தமிழ்ப் பேச்சு அது.

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். அந்தக் கேள்வியைத்தான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் இருந்த காலத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோப்பு சொல்லும், நான் செய்வேன். ஓய்வு பெற்ற பிறகும் யாரும் கேட்பதில்லை. "மாத்திரை போட்டீங்களா?", "நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க, உட்காருங்க" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வருஷக்கணக்கில் உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தால், ஒருநாள் எழுந்திருக்கத் தோன்றாமலே போய்விடும். என் கருத்து இதுதான்: வயதானவர்களுக்கு ஓய்வு மட்டும் போதாது, நாங்கள் முடிவெடுக்க வேண்டிய ஒரு கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். அது விளையாட்டுக் கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பயமும் உண்டு. 1980-களில் அமெரிக்காவில், இது பிள்ளைகளைக் கெடுக்கிறது, பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று பெற்றோர் சிலர் சங்கம் வைத்தே எதிர்த்தார்கள். பிரான்சில் 1990-இல் கார்ப்பாந்த்ராஸ் என்ற ஊரில் யூதர்களின் கல்லறைகளை யாரோ சிதைத்தபோது, இந்த ஆட்டம் ஆடும் இளைஞர்கள் மேலும் வதந்தி கிளம்பியது. 1996-இல்தான் உண்மை வந்தது, செய்தவர்கள் நவநாஜிகள். தெரியாத விளையாட்டின் மேல் பழி போடுவது சுலபம்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை குறைவு. என் மகன் பத்தாவது படிக்கும்போது, பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில், கேரம் போர்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டவன் நான். பரீட்சை முடிந்தது, இறக்க மறந்துவிட்டேன். போன மாதம் தொலைபேசியில் எங்கள் ஆட்டத்தைப் பற்றி மகனிடம் பெருமையாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "கேரம் போர்டு இன்னும் பரண்லதான் இருக்காப்பா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மதிப்பெண் வந்தது, வேலை வந்தது, பிரான்சும் வந்தது. ஆனால் அப்பாவும் பிள்ளையும் எதிரெதிரே உட்காரும் ஒரு பலகை அப்போது போனது போனதுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டம் மூன்று மணி நேரம் பிடிக்கும்; முதுகு வலிக்கும். சண்டை சச்சரவு கொஞ்சம் அதிகம். சொல்தா முதல் இரண்டு வாரம் யாரையும் பேசவிடவில்லை. ஆனால் மனைவி போன பிறகு பெத்தாங்க் ஆடப் போவதைக்கூட நிறுத்தியிருந்தவர் அவர். மூன்றாவது வாரம் படியேறி வரும்போதே, "இதுதான்யா என் செர்த்திஃபிகா த வீ" என்றார். அவருக்காக முதுகுவலியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி வரும் மாதங்களுக்கான திட்டம். விலையுயர்ந்த புத்தகம் எதுவும் வாங்கப் போவதில்லை. காகிதம், பென்சில், வீட்டிலிருக்கும் பித்தளைத் தாயக்கட்டை போதும். கதை நானே எழுதுகிறேன். 1748-இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நின்று பார்த்து, நோயும் மழையும் வாட்டக் கலைந்து போனார். அப்போது கோட்டைக்குள் துய்ப்ளே இருந்தார், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். முற்றுகைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை வெளியே கொண்டுபோக வேண்டிய நாலு சாதாரண ஆட்கள்தான் என் பாத்திரங்கள். நெசவாளி, படகோட்டி, சமையற்காரி, துபாஷியின் குமாஸ்தா. தாயம் விழுந்தால் வழி திறக்கும். ஆட்டம் தமிழில்தான் நடக்கும்.

நவம்பரிலிருந்து ஞாயிறு தோறும். பாரிஸில் பகல் இரண்டு மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. பேரன் கைப்பேசி வழியாக வருவான். அந்தக் கருவிக்கும் ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும். மகனையும் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்பா" என்றான். அவனுக்காகப் படகோட்டிப் பாத்திரத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

நேற்று ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். மனைவி கீழே நின்று திட்டிக்கொண்டே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கேரம் போர்டு இருந்தது. ஒரு மூலை கறையான் அரித்திருக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது. தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். இறக்கிப் பாருங்கள்.