கோயில் மதிலும் கொள்ளிடத்து அணையும்

கும்பகோணத்திலிருந்து ஜயங்கொண்டத்துக்குப் போகும் பிரயாணிகள் வழியில் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கிறார்கள். அங்கே ஆற்றை மறித்து நிற்கும் கீழணை 1836-ம் ஆண்டில் ஆர்தர் காட்டன் துரையின் யோசனைப்படி கட்டப்பட்டது. அதிலிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணம் ஏரியோ 2004 முதல் சென்னைப் பட்டணத்தாரின் தாகத்தையும் தீர்த்து வருகிறது. ஆகவே இந்த அணைக்கு நாம் எல்லோரும் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான். ஆனால் அணையே ஒரு கடனைத் தீர்க்காமல் வைத்திருக்கிறது. அதன் கட்டுமானத்தில் கிடக்கும் கற்களில் ஒரு பகுதி, சில மைல் வடக்கே இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருமதிலாக நின்றவை.

இது கர்ணபரம்பரைக் கதையன்று. 1855-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஒரு குறிப்பே இதைச் சொல்லுகிறது. அணைக்குக் கல் வேண்டுமென்று கோயிலின் சுற்றுமதிலை அநேகமாக முழுவதும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சிற்ப வேலைப்பாடு அமைந்த கருங்கற்களும் அதோடு போயின. ஊர் ஜனங்கள் தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்கள். பலன் என்ன? சர்க்காரின் உத்தரவை அவமதித்ததற்காகத் தண்டனை பெற்றார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக ஒரு வாக்குறுதி மட்டும் கிடைத்தது. அந்த வாக்குறுதி நிறைவேறவே இல்லை என்று, இருபது வருஷம் கழித்து, அதே குறிப்பு வருத்தத்தோடு முடிகிறது. அந்தக் கோயிலின் மீது கம்பெனி சர்க்காருக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது என்பதையும் அதை எழுதியவர் சொல்லத் தவறவில்லை.

காட்டன் துரையை நாம் நிந்திக்கப் போவதில்லை. காவேரிப் பாசனத்துக்கும் பிறகு கோதாவரிப் பாசனத்துக்கும் அவர் செய்த நன்மையை விவசாயிகள் மறக்கவில்லை. கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலை வைத்துக் கொண்டாடுகிறார்கள். வண்டல் நாட்டில் கல் அகப்படுவது அருமை. பக்கத்திலேயே, செதுக்கித் தயாராக, அடுக்கி வைத்தாற்போல் இவ்வளவு கல் நின்றால் இஞ்சினீயருடைய மனசு என்ன கணக்குப் போடும்? எஸ்டிமேட்டில் ஒரு பெருந்தொகை மிச்சம்! அந்தக் கணக்கில் வராத ஒரு தொகை இருந்தது. அது இன்னதென்று ஊராருக்குத் தெரிந்திருந்தது, அவர்களைக் கேட்பார் இல்லை. நாம் இங்கே எடுத்துப் பேச விரும்புவது இந்த ஒரு விஷயத்தைத்தான். பழைய கட்டடம் ஒன்றை வைப்பதா, இடிப்பதா என்ற தீர்மானத்தில், அதன் நிழலிலே குடியிருக்கிறவர்களுக்கு ஒரு வாக்கு உண்டா?

இதே அரியலூர் ஜில்லாவில் இன்னொரு கோயிலும் இடிக்கப்பட்டது. அதை இடித்த விதத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி இருக்கிறது. அங்கே வைத்தியநாத சுவாமியின் ஸ்ரீ விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டவேண்டுமென்று ராஜராஜ சோழன் தன்னுடைய 28-ம் ஆட்சியாண்டில் ஆக்ஞை பிறப்பித்தான். பழைய சுவர்களிலோ யார் யாரோ கொடுத்த நிலமும் பொன்னும் விளக்கும் கல்லெழுத்தாக இருந்தன. சுவரைப் பிரிக்குமுன் அந்த எழுத்துக்களையெல்லாம் புத்தகத்திலே படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஆக்ஞையில் சேர்ந்திருந்தது. அவன் குமாரன் ராஜேந்திரனுடைய 14-ம் ஆட்சியாண்டில், புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரிலே அவற்றைத் திரும்பவும் வெட்டுவித்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் இருந்த ஒரு சர்க்கார் ஆபீஸில், ஒரு ராஜா காலத்துக் காகிதம் (ஓலை என்று வைத்துக் கொள்ளுங்கள்) அடுத்த ராஜா காலத்தில் தேடியபோது கிடைத்திருக்கிறது! இந்தக் காலத்துத் தாலுகா கச்சேரிகளில் காரியம் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

1836-ல் நம் நாட்டில் அப்படிப் படி எடுக்க ஓர் இலாகாவே இருக்கவில்லை. மத்தியத் தொல்பொருள் இலாகா ஏற்பட்டது 1861-ல். கல்வெட்டுக்களைப் படிப்பதற்கென்று சென்னை சர்க்கார் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதரை நியமித்தது 1886-ல். புராதனச் சின்னங்களைக் காக்கும் சட்டம் கர்ஸான் பிரபுவின் காலத்தில், 1904-ல் வந்தது. சுதந்திர இந்தியா 1958-ல் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. 2010-ல் அதைத் திருத்தி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அநுமதி பெற்றே கட்டவேண்டும் என்று விதித்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேலும் ஒரு கௌரவம் 2004-ல் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலோடும் தாராசுரத்தோடும் சேர்த்து ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் அதை உலகத்தின் பொதுச் சொத்தாக அங்கீகரித்தது. 2020-ல் தொல்பொருள் இலாகா திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டம் ஒன்றும் அமைத்துவிட்டது. 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதம மந்திரியே வந்துபோனார். இனி அந்தக் கோயிலில் ஒரு கல்லை அசைக்க எந்த இஞ்சினீயரும் துணியமாட்டார். ஏறக்குறைய 180 அடி உயரமுள்ள அந்த விமானத்தைப் பற்றி நமக்குக் கவலை இல்லை.

நம்முடைய கவலை ஜாபிதாவில் பெயர் இல்லாதவற்றைப் பற்றியது. சட்டம் ஜாபிதாவைப் பார்க்கிறது. ஜாபிதாவில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் ஓடு மாற்றி மாடி போடுவதற்குக்கூட மனு எழுதிக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பகலில் கடப்பாரை வேலையை முடித்துவிடலாம். பெரம்பலூர் ஜில்லாவில் ரஞ்சன்குடிக் கோட்டை ஜாபிதாவில் இருக்கிறது. 1751-ல் சந்தா சாகிபுக்கும் முகம்மது அலிக்குமாகப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வாலிகொண்டபுரத்தில் மோதிக்கொண்டதற்கு அந்தக் கோட்டையும் சாட்சி. இன்று சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பறக்கும் மோட்டார்களிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. அதே ஜில்லாவில் சாத்தனூரில் கல்லாகிப்போன அடிமரம் ஒன்றுக்கு நிலவியல் இலாகா வேலி போட்டிருக்கிறது. அதன் வயது சுமார் 12 கோடி வருஷம். பன்னிரண்டு கோடி வருஷத்து மரத்துக்குக் காப்பு உண்டு. இருநூறு வருஷத்துச் சத்திரத்துக்குக் கிடையாது!

உடையார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ எழுதி வாராவாரம் ஒரு பத்திரிகையில் வெளிவந்த காலத்தில், அந்த ஜமீனைப் பற்றித் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ஆவலோடு படித்தன. ஐயரவர்களின் தகப்பனார் அந்த ஜமீனின் ஆதரவு பெற்ற சங்கீத வித்துவான். அரியலூரிலே சடகோபையங்காரிடம்தான் ஐயரவர்கள் சிறு பிராயத்தில் தமிழ்ச் சுவையைக் கண்டார். ஏட்டுச் சுவடிகளைக் கரையானிடமிருந்து மீட்ட அந்தப் பெரியவரை வளர்த்த ஊர்களில், அவர் காலத்து வீதி எப்படி இருந்தது, திண்ணை எப்படி இருந்தது என்று காட்ட எத்தனை கட்டடம் மிச்சம்? 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது; வந்தது நியாயமே. ஆனால் வருமானம் போனபின் நாடெங்கும் ஜமீன் மாளிகைகள் தேக்குக்கும் ஓட்டுக்குமாக விலைபோயின. அவற்றை அளந்து படம் போட்டு வைத்தவர்கள் வெகு சொற்பம்.

இப்படிப்பட்ட கட்டடங்களின் தலைவிதியை நிர்ணயிப்பவர்கள் டில்லியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. பஞ்சாயத்தும் பஞ்சாயத்து யூனியனும் நகரசபையும்தான். “அபாயகரமான நிலையில் இருக்கிறது” என்று இஞ்சினீயர் ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரி சில சமயம் மிகவும் அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன்பின் தமிழ்நாடு முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவாயிற்று. குழந்தைகளின் உயிரைவிடக் கல்லும் காரையும் பெரிதா என்று யாராவது கேட்டால், பெரிதில்லை என்றே நாமும் சொல்லுவோம். நாம் கேட்பது வேறு. இடிப்பதற்குமுன் ஒரு போட்டோ, ஓர் அளவு, கதவு நிலையில் எழுதியிருந்த வருஷமும் கட்டினவர் பெயரும் – இவற்றை எழுதி வைக்க அரை நாள் ஆகுமா? திருமழபாடியில் அதைச் செய்தார்களே!

“மேலே ஆணையம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது” என்று சொல்லுவார்கள். இருக்கிறது. மரபுச் சின்னங்களுக்காக ஓர் ஆணையம் அமைக்கத் தமிழ்நாடு சட்டசபை 2012-ல் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. அத்தனை காலம் ஓட்டைக் கூரையின்கீழ் ஒரு மரத்தூண் காத்திருக்குமா? இதற்குள் எத்தனை ஐப்பசி மழை!

ஸ்தல ஸ்தாபனங்களுக்கு இதில் அதிகாரம் இல்லை என்று தட்டிக்கழிப்பதும் சரியல்ல. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமுலுக்கு வந்தபோது, பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 விஷயங்களை அதன் பதினோராவது அட்டவணையில் வரிசைப்படுத்தினார்கள். இருபத்தொன்பதாவது என்ன தெரியுமா? சமுதாயச் சொத்துக்களைப் பராமரிப்பது. குளத்துப் படித்துறையும் ஊர்ச் சாவடியும் தண்ணீர்ப்பந்தல் மண்டபமும் சமுதாயச் சொத்தில்லாமல் வேறென்ன? தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடவேண்டுமென்று ஏற்பாடு. அந்த ஆறில் ஒரு கூட்டத்தில், ஊரிலுள்ள பழைய கட்டடங்களுக்கு ஒரு பதிவேடு திறக்கலாம். எந்தக் கட்டடமும் அதில் ஏறாமல் இடிபடக்கூடாது. ஏறியதை இடிப்பதானால் அடுத்த கூட்டத்தில் காரணம் சொல்லவேண்டும் என்று இரண்டு வரித் தீர்மானம் செய்யலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரும், கையில் செல்போன் வைத்திருக்கும் நாலு பிள்ளைகளும் போதும்.

ஒரு சங்கடம் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, நம்முடைய இவ்விரு ஜில்லாக்கள் உள்பட 28 ஜில்லாக்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இருந்தால் ஊரார் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்கலாம். தனி அலுவலரை எந்தத் திண்ணையில் தேடுவது? தேர்தல் எவ்வளவு தாமதிக்கிறதோ அவ்வளவுக்கு “அபாயகரமான நிலை” என்ற வரி கேள்வியில்லாமல் செல்லுபடியாகும்.

கிராமத்தாரிடம் விட்டால் அவர்களே பழையதை இடித்துச் சிமெண்டு மண்டபம் கேட்பார்கள் என்று சில நண்பர்கள் நம்மிடம் வாதிடுகிறார்கள். கேட்பார்கள்தான், அரியலூரைச் சுற்றிச் சிமெண்டு ஆலைகளுக்குக் குறைவா? ஆனால் 1836-ல் நடந்ததை இந்த நண்பர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். அன்று படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் கல்லின் விலையைக் கணக்கிட்டார்கள். தண்டனைக்கு அஞ்சாமல் மதிலுக்காகப் பரிந்து நின்றவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக் குடியானவர்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் அந்த 1855-ம் வருஷத்துக் குறிப்பு நமக்குச் சொல்லவில்லை.