வாயில்லாச் சீவனின் சாட்சியம்

நாய்க்கு வயது பதின்மூன்று. பின்னங்கால்கள் தளர்ந்து படியேற மறுத்தது. சோற்றுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதை வளர்ப்பவர் நம்மோடு மாத்தளையில் கற்பிக்கும் ஆசிரியர், விஞ்ஞானப் பட்டதாரி. அவர் அதை மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லவில்லை. அதன் புகைப்படத்தைக் கைத்தொலைபேசி வழியே ஒரு ‘சக்திச் சிகிச்சையாளருக்கு’ அனுப்பினார். வாரத்துக்கு இரண்டு அமர்வுகள், கட்டணம் முன்கூட்டியே. குறித்த வேளையில் நாயைக் கிழக்கு நோக்கிக் கிடத்தினால் போதுமாம். மீதியைச் சக்தி பார்த்துக்கொள்ளுமாம்.

நகைப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் வாசலிற் காத்திருந்த ஓர் உயிர் கண்முன்னே தேய்வதைக் காணும் துயரம் மெய்யான துயரம். அதை விலைபேசும் வணிகத்தையே நாம் எதிர்க்கிறோம். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயத்திலே, பசு பால் மறுத்தால் திருநீறு மந்திரித்துப் பூசும் கிழவியோடு நமக்குப் பெரிய வழக்கில்லை. வெற்றிலை பாக்குக்கு மேல் அவள் எதுவும் கேட்பதில்லை. பசு செத்தால் கூடவிருந்து அழவும் செய்வாள். புதிய சிகிச்சையாளரோ சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். அதிர்வு, அலை, குவாண்டம் என்று நம் பாடநூற் சொற்களைக் களவாடிப் பேசுகிறார். பௌதிகம் கற்பிக்கும் சகாக்கள் இதைக் கேட்டும் வாளாவிருப்பது நமக்கு விளங்கவில்லை.

கைவழியே பாயும் சக்தி புதிய கண்டுபிடிப்புமன்று. ரெய்க்கி முறையை யப்பானில் மிக்காவோ உசுயி 1922இல் தொடங்கினார். அதற்கு நெடுங்காலம் முன்னரே பாரிசில் மெஸ்மர் என்பார் ‘காந்த சக்தி’ என்று இதே சரக்கை விற்றார். 1784இல் அரசன் நியமித்த குழு, பெஞ்சமின் பிராங்கிளினும் லவோசியரும் இருந்த குழு, அதைச் சோதித்தது. தோட்டத்து மரமொன்றுக்குச் சக்தி ஏற்றப்பட்டது. ஒரு சிறுவனைக் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றார்கள். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரமோ அப்பால் நின்றது. 1998இல் அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமியின் சோதனை ஒரு மருத்துவ இதழில் வெளியாயிற்று. திரைக்குப் பின்னே தம் எந்தக் கைக்கு மேலே அவள் கை இருக்கிறதென்று 21 சிகிச்சையாளர்கள் சொல்லவேண்டும். 280 முறையில் 123 முறையே சரியாயிற்று. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் பாதி தேறியிருக்கும்.

“மனிதருக்கு நம்பிக்கையாற் குணம் வரலாம். நாய்க்கு ஏது நம்பிக்கை? அது தேறுகிறதென்றால் சக்தி மெய்தானே?” என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. விடையும் இருக்கிறது. மூட்டுவாதத்தால் நொண்டும் நாய்களுக்கு மருந்தற்ற வெற்று மாத்திரை கொடுத்து நடத்திய ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. கால் நிலத்தில் ஊன்றும் விசையைக் கருவி அளந்தது. கருவி காட்டாத முன்னேற்றத்தை வளர்ப்போர் ஏறத்தாழ 57 விழுக்காடு வேளைகளில் ‘கண்டார்கள்’. மிருக வைத்தியர்களின் கண்ணும் நாற்பது விழுக்காட்டளவில் ஏமாந்தது. நம்பிக்கை நாயிடம் இல்லை, பார்ப்பவரிடம் இருக்கிறது. போதாததற்கு மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்திலிருக்கும் நாளில்தானே சிகிச்சையாளரை அழைக்கிறோம்? மறுநாள் அது தானாகத் தணிந்தாலும் புகழ் அவருக்குப் போகிறது.

2020 டிசம்பரில் கேகாலையில், காளி தேவி அருளியதென்ற கொரோனாப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அப்போதைய சுகாதார அமைச்சரே அதை ஊரறிய அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. அங்கே ஏமாந்தவருக்கு வாய் இருந்தது, “குணமாகவில்லை” என்று சொல்ல. நாய் என்ன சொல்லும்? வலியை மறைப்பது அதன் இயல்பு. அசையாமற் கிடந்தால் ‘சாந்தமாயிற்று’ என்கிறோம்.

தனிமனிதரை மட்டும் குறைசொல்லித் தப்புவது நேர்மையாகாது. அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெரிதும் பாற்பசுவையும் ஆட்டையும் கோழியையும் நோக்கி அமைந்தவை. பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலைக்குப் போவதென்றால் கிழநாயை ஏற்றிக்கொண்டு கண்டியைக் கடக்கவேண்டும். எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? 2022இல் ரூபா சரிந்து மருந்து அரிதானபோது விலை எவ்வாறு ஏறிற்றென்பதை நாம் அறிவோம். வைத்தியம் எட்டாத இடத்திற்குத்தான் புகைப்பட வைத்தியம் வந்து சேர்கிறது. அது மாத்திரமன்று, வைத்தியர் சில வேளைகளில் “இனிச் செய்வதற்கில்லை” என்பார். சக்திச் சிகிச்சையாளர் அப்படி ஒருநாளும் சொல்வதில்லை.

ஆறு வாரம் கழிந்தது. நாயின் விலா எலும்பை எண்ணலாம் என்றாயிற்று. நாமும் வேறிரு ஆசிரியர்களும் முச்சக்கரவண்டிக் கூலியைப் பகிர்ந்துகொண்டு அதை ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அவர் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லொன்றின் வேரிற் சீழ் கட்டியிருந்தது. ஆறு வாரமாய் அது உண்ண மறுத்ததற்குக் காரணம் அதுதான். பல்லைப் பிடுங்கி மருந்து கொடுத்தார். மூட்டு மூப்பினால் தேய்ந்தது, அதை மாற்றமுடியாது, வலியை மட்டும் குறைக்கலாம் என்றார். ஐந்தாம் நாள் நாய் கஞ்சியை நக்கிக் குடித்தது.

நண்பர் மகிழ்ச்சி தாளாமல் அந்தப் படத்தையும் சிகிச்சையாளருக்கு அனுப்பிவிட்டார். உடனே மறுமொழி வந்தது: சக்தி இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறதாம், இன்னும் நான்கு அமர்வுகளை விட்டுவிடக் கூடாதாம்.